பழைய தோட்ட டிராக்டரை வீட்டிலேயே ஓட வைப்பது: கப் கேடட் 102, படிப்படியாக

புதிதாக இறங்குகிறவர்கள் செய்வதை நான்கைந்து முறை பார்த்துவிட்டேன். சனிக்கிழமை வண்டி வரும். ஞாயிறு மாலைக்குள் கடைசி போல்ட் வரை கழற்றியாகிவிடும். ஒரு மாதம் கழித்துப் போனால் பளபளவென்று மஞ்சள் பெயிண்ட் அடித்த ஹூட் சுவரில் சாய்ந்திருக்கும், எஞ்சின் மட்டும் பெஞ்சின் அடியில் எண்ணெய்த் துணியைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். அடுத்த வருடம் மொத்தமும் "பாகங்களாக விற்பனைக்கு" என்று விளம்பரத்துக்குப் போகும்.

முதலில் எஞ்சின் ஓட வேண்டும். அப்புறம் வண்டி நகர வேண்டும், நிற்க வேண்டும். பெயிண்ட் எல்லாவற்றுக்கும் பின்னால். இந்த வரிசை மாறாமலிருந்தால் பாதி வேலை தானாக முடியும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது கப் கேடட் 102. அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1965 முதல் 1967 வரை செய்தது. 10 குதிரைத்திறன் கோலர் கே241 எஞ்சின், ஒற்றை சிலிண்டர், வால்வுகள் பக்கவாட்டில், பிளாக் வார்ப்பிரும்பு. மூன்று முன் கியர். எஞ்சினிலிருந்து பின் கியர்பாக்ஸுக்கு பெல்ட் கிடையாது, ஷாஃப்ட்தான். முதல் வண்டிக்கு இதையே சொல்வேன், ஏனென்றால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், உதிரி பாகமும் இன்னும் கிடைக்கிறது.

1. வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை

சாவியைத் திருப்புவதற்கு முன் எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகிக் கிடந்தாலும் வாங்கலாம், ஆனால் விலை அதற்கேற்றபடி இறங்க வேண்டும்.

முன் அச்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். நடுவிலுள்ள பிவட் பின் தேய்ந்திருந்தால் அச்சு லொடலொடவென்று ஆடும். அது சரிசெய்யக்கூடியதுதான். ஆனால் அந்த ஆட்டத்தோடு பல வருடம் ஓடியிருந்தால் பின் உட்காரும் ஓட்டையும் நீள்வட்டமாகியிருக்கும்.

கியர்பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் வெளியே எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. குளிர்காலத்தில் வெளியே நின்ற வண்டி என்றால் அந்தத் தண்ணீர் உறைந்திருக்கும், வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்றும் தேட வேண்டும்.

பின் டயருக்குள் எடைக்காக கால்சியம் குளோரைடு கரைசல் ஊற்றும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. அது கசிந்தால் ரிம்மை அரித்துத் தின்றுவிடும். வால்வு துளையைச் சுற்றி வெள்ளைப் பூப்பும் துருவும் தெரிந்தால் ரிம்முக்கான செலவைக் கணக்கில் சேருங்கள்.

பாகங்களுக்காக இரண்டாவது வண்டி ஒன்றை வாங்கும் எண்ணம் இருந்தால் அதுவும் 1974 வரையிலான குறுகிய சட்ட வண்டியாக இருக்கட்டும். அதற்குப் பிறகு வந்த அகலச் சட்ட வண்டிகளில் எஞ்சின் ரப்பர் தாங்கிகள் மேல் உட்காரும். தகடும் பொருந்தாது, எஞ்சினைப் பொருத்தும் முறையும் வேறு.

2. கையில் இருக்க வேண்டியவை

அங்குல அளவு சாக்கெட் செட், ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர், ரோல் பின் (ஷாஃப்டில் பாகங்களைப் பிடித்து வைக்கும் சுருள் தகட்டு ஊசி) தட்டும் பஞ்ச், ஃப்ளைவீல் புல்லர், நல்ல ஜாக் ஸ்டாண்டுகள் இரண்டு. எஞ்சின் மட்டுமே நூறு பவுண்டுக்கு மேல். தூக்க இரண்டாவது ஆளோ செயின் பிளாக்கோ வேண்டும்.

கோலர் சர்வீஸ் மேனுவல், வண்டியின் சர்வீஸ் மேனுவல் இரண்டும் கட்டாயம். எஞ்சின் ஷ்ரவுடில் (ஃப்ளைவீலை மூடியிருக்கும் தகரக் கூட்டில்) உள்ள தகட்டிலிருந்து ஸ்பெக் எண்ணையும் சீரியல் எண்ணையும் எழுதி வையுங்கள். ஐம்பது வருடத்துக்கு மேலான வண்டி. எஞ்சினை யாராவது எப்போதோ மாற்றியிருக்கலாம். வண்டி 102 என்பதை மட்டும் நம்பி பாகம் வாங்கினால் திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில்.

3. கழற்றும் முன் படம், கழற்றியபின் பை

ஒவ்வொரு இணைப்பையும் மூன்று கோணத்தில் படம் எடுங்கள். குறிப்பாக கவர்னரின் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பின்) ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது, திராட்டில் கம்பி எந்த வழியாகப் போகிறது என்பது. ஸ்பிரிங்கை ஒரு ஓட்டை தள்ளி மாட்டினாலே எஞ்சினின் வேகம் மாறிவிடும்.

போல்ட்டுகளை ஜிப் பையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே காபி டப்பாவில் போடுகிறவர்களைப் பார்த்து நான் ஒன்றும் சொல்வதில்லை. மூன்று மாதம் கழித்து அந்த டப்பாவே சொல்லும்.

4. எஞ்சின் சுற்றுகிறதா, கம்ப்ரஷன் இருக்கிறதா

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கையால் சுற்றுங்கள். சுற்றாவிட்டால் ஆட்டோ டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து பிளக் துளை வழியாக ஊற்றிவிட்டு நாலைந்து நாள் விடுங்கள். தினம் ஒருமுறை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஸ்டார்ட்டரை அழுத்தி இழுக்க வைக்கக் கூடாது. அசைந்து கொடுக்காத பிஸ்டனை வலுவில் இழுத்தால் அலுமினிய கனெக்டிங் ராடுதான் முதலில் போகும்.

சுற்ற ஆரம்பித்ததும் பலர் கம்ப்ரஷன் கேஜை மாட்டுகிறார்கள், எண் குறைவாக வருகிறது, எஞ்சின் போச்சு என்று முடிவு கட்டுகிறார்கள். இது தப்பு. இந்த எஞ்சினின் கேம் ஷாஃப்டில் ஒரு கம்ப்ரஷன் ரிலீஸ் அமைப்பு இருக்கிறது. மெதுவாகச் சுற்றும்போது அது எக்ஸாஸ்ட் வால்வை லேசாகத் தூக்கிக் கொடுக்கும், ஸ்டார்ட் செய்ய எளிதாக இருக்கட்டும் என்று. அதனால் கேஜ் எப்போதும் குறைத்தே காட்டும்.

சரியான சோதனைக்கு பிளக்கை மாட்டிவிட்டு ஃப்ளைவீலை வழக்கத்துக்கு எதிர்த் திசையில் கையால் சுழற்றுங்கள். பலமாகத் துள்ளித் திரும்பினால் கம்ப்ரஷன் இருக்கிறது. தடையே இல்லாமல் சுற்றினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வால்வு. பல வருடம் நின்ற எஞ்சினில் ஒரு வால்வு கைடிலேயே ஒட்டிக்கொண்டு திறந்தபடி நிற்பது சாதாரணம். ஹெட்டைக் கழற்றினால் கண்ணுக்கே தெரியும். எண்ணெய் விட்டு, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டினால் பெரும்பாலும் இறங்கிவிடும்.

5. கரண்ட்

ஸ்பார்க் வரவில்லை என்றதும் புது காயில் வாங்கப் போகாதீர்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் குற்றவாளி பாயிண்டுதான், அதாவது காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச். நின்ற வண்டியில் அதன் முகத்தில் ஒரு மெல்லிய படலம் பிடித்திருக்கும், அது போதும் கரண்டைத் தடுக்க. கே241இல் பாயிண்ட் பிளாக்கின் வெளியே, சிறு மூடிக்குள் இருக்கிறது, ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டியதில்லை.

பாயிண்டையும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றுங்கள். புது பாயிண்டின் முகத்திலும் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். ஒரு வெள்ளைத் தாளை இடையில் விட்டு இழுத்துத் துடையுங்கள். துடைக்காமல் மாட்டிவிட்டு "புதுசும் வேலை செய்யலை" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.020 அங்குலம். ஆனால் இது தொடக்கம்தான். அடுத்து டைமிங். பாயிண்டின் ஒயரைக் காயிலிலிருந்து பிரித்து மல்டிமீட்டரை ஒலிக்கும் நிலையில் அதில் மாட்டுங்கள். ஃப்ளைவீலை ஓடும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். பார்வைத் துளையில் ஃப்ளைவீலின் எஸ் குறி வந்து நிற்கும் அதே நொடியில் ஒலி நிற்க வேண்டும். முன்பின் இருந்தால் பாயிண்ட் இடைவெளியை ஒரு மயிரிழை மாற்றிச் சரிசெய்யுங்கள். பழைய வண்டியில் பாயிண்டைத் தள்ளும் சிறு கம்பி தேய்ந்திருக்கும், அதனால்தான் ஃபீலர் கேஜ் கணக்கு மட்டும் போதாது.

பிளக் இடைவெளி 0.035 அங்குலம். காயிலில் சாவியிலிருந்து வரும் ஒயர் பிளஸ்ஸுக்கு, பாயிண்ட் ஒயர் மைனஸுக்கு.

6. பெட்ரோல்

பழைய டாங்கை முதல் நாளே நம்பாதீர்கள். ஒரு சிறு பாட்டிலில் புது பெட்ரோல் ஊற்றி, கார்புரேட்டரைவிட உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, புது ரப்பர் குழாயில் இணையுங்கள். எஞ்சின் ஓடாவிட்டால் டாங்க் அழுக்கா கார்புரேட்டரா என்ற குழப்பம் அப்போது இருக்காது.

கார்புரேட்டரைக் கழற்றி, ஊசிகள், மிதவை, இருக்கை எல்லாவற்றையும் சுத்தம் செய்யுங்கள். உள்துளைகளில் கம்பி விடாதீர்கள். பித்தளை மெத்தென்று இருக்கும், துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்பிரேயும் காற்றும் போதும்.

திரும்ப மாட்டும்போது ஊசிகளை மெதுவாகக் கடைசி வரை திருகி, மெயின் ஊசியைச் சுமார் 2 சுற்று, ஐடில் ஊசியைச் சுமார் ஒன்றேகால் சுற்று வெளியே எடுங்கள். இது ஸ்டார்ட் ஆவதற்கான அளவு. இறுதி செட்டிங் எஞ்சின் சூடான பிறகுதான். ஊசியைக் கடைசியில் வைத்து இறுக்கிவிட்டால் முனையில் வளையம் விழும், அப்புறம் எந்தச் செட்டிங்கும் நிற்காது.

7. முதல் ஸ்டார்ட்

பழைய ஆயிலை இறக்கிவிட்டு எஸ்ஏஇ 30 ஊற்றி டிப்ஸ்டிக் குறி வரை நிரப்புங்கள். இந்த எஞ்சினில் ஆயில் பம்பு கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சிறு கரண்டி இருக்கிறது, அது ஆயிலில் அடித்துச் சிதற வைப்பதுதான் மொத்த மசகும். மட்டம் இறங்கினால் கரண்டி காற்றில் அடிக்கும். செங்குத்தான சரிவில் ஓட்டினாலும் அப்படித்தான்.

கராஜ் கதவைத் திறந்து, கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சையும் மிதித்து, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க ஸ்டார்ட் செய்யுங்கள். சாவியை அணைத்தால் எஞ்சின் நிற்கிறதா என்று முதல் நிமிடத்திலேயே பாருங்கள்.

ஓடினால் பத்து நிமிடம் ஓட விடுங்கள். கொஞ்சம் வெள்ளைப் புகையும் சிறிது நீலமும் வந்து அடங்கினால் எஞ்சினைத் திறக்க வேண்டாம், நேரே 9ஆம் பகுதிக்குப் போங்கள். சூடான பிறகும் நீலப் புகை நிற்காவிட்டால், அல்லது அடியிலிருந்து டொக் டொக் என்று தட்டல் கேட்டால் உடனே நிறுத்துங்கள்.

8. எஞ்சினைத் திறக்க வேண்டி வந்தால்

அவசரம் பணத்தைத் தின்னும் இடம் இது. ஃப்ளைவீலைப் புல்லர் போட்டு எடுங்கள். கிராங்க் ஷாஃப்டின் முனையில் சுத்தியலால் அடித்து எடுக்கும் வித்தையை வீடியோக்களில் காட்டுவார்கள். முனை விரிந்தால் புது கிராங்க் வாங்க வேண்டும்.

கனெக்டிங் ராடைக் கழற்றும் முன் படம் எடுங்கள். ராடிலும் அதன் மூடியிலும் ஒரு குறி இருக்கும். திரும்ப மாட்டும்போது இரண்டும் ஒரே பக்கம் சேர வேண்டும், கழற்றியபோது எந்தப் பக்கம் பார்த்ததோ அதே பக்கம் பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினால் சில மணி நேரத்தில் ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

அடுத்தது அளவு. சிலிண்டரின் அசல் விட்டம் 3.250 அங்குலம், கிராங்க் பின் 1.500 அங்குலம். இரண்டையும் மைக்ரோமீட்டரால் மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளக்க வேண்டும். உங்களிடம் கருவி இல்லையென்றால் மிஷின் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று புது ரிங் மட்டும் மாட்டுவது வீண் செலவு. முட்டை வடிவமாகிவிட்ட சிலிண்டரில் வட்டமான ரிங் எப்படி உட்காரும்? பிஸ்டன் 0.010, 0.020, 0.030 அங்குலம் ஓவர்சைஸில் கிடைக்கும், கிராங்கைக் கடைந்தால் 0.010 அண்டர்சைஸ் ராடும் கிடைக்கும். எந்த ஓவர்சைஸ் பிஸ்டன் கைக்கு வந்ததோ அதை அளந்த பிறகே சிலிண்டரைக் கடையச் சொல்லுங்கள்.

கடைந்தோ ஹோன் செய்தோ (சாணைக் கல்லால் உள்சுவரைத் தேய்த்தோ) திரும்பி வந்த சிலிண்டரை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோலில் கழுவினால் எண்ணெய் போகும், சாணைப் பொடி பள்ளங்களிலேயே தங்கிவிடும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். வந்ததும் உடனே ஆயில் தடவுங்கள், வார்ப்பிரும்பு பத்து நிமிடத்தில் துருப்பிடிக்கும்.

ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றும் முன் தனியாக சிலிண்டருக்குள் வைத்து வாய் இடைவெளியை அளங்கள், 0.010 முதல் 0.020 அங்குலம். வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, இன்டேக் 0.008 முதல் 0.010, எக்ஸாஸ்ட் 0.017 முதல் 0.020. எக்ஸாஸ்டுக்கு அதிகம், ஏனென்றால் அது அதிகம் சூடாகி அதிகம் நீளும். இந்த வால்வுகளை உட்கார வைத்துத் தேய்த்த பிறகு இடைவெளி குறைந்துவிடும், ஆகையால் தேய்த்தபின் அளங்கள்.

கேமும் கிராங்கும் சேரும் இடத்தில் பல்லில் உள்ள குறிகள் நேருக்கு நேர் வர வேண்டும். ஹெட்டுக்குப் புது கேஸ்கட். ஹெட் போல்ட்டுகளை எதிரெதிராக, மூன்று சுற்றில், 25 முதல் 30 அடி-பவுண்ட் வரை ஏற்றுங்கள். ஒரே மூச்சில் இறுக்கினால் ஹெட் வளையும். ராடு போல்ட்டின் டார்க் மட்டும் ராடின் வகையைப் பொறுத்து மாறும், அதை மேனுவலில் பார்த்தே இறுக்க வேண்டும்.

உங்கள் வண்டியில் பின்னாளைய கே வரிசை எஞ்சின் மாற்றி வைத்திருந்தால் உள்ளே அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் கியர்கள் இருக்கலாம். அவை உடைந்தால் பிளாக்கும் சேர்ந்து உடையும். திறந்திருக்கும்போது அவற்றைக் கழற்றிவிடுகிறவர்கள் நிறைய. நானும் அதே கட்சி. அதிர்வு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

9. கிளட்சும் டிரைவ் ஷாஃப்டும்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கே. சத்தத்தை வைத்தே பாதியைக் கண்டுபிடிக்கலாம். கிளட்சை லேசாகத் தொட்டதும் கீச்சென்றால் த்ரோ-அவுட் பேரிங், அதாவது மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் பேரிங். முழுதாக மிதித்து வைத்திருக்கும்போது கடகடவென்றால் ஷாஃப்டின் முன்முனை உட்காரும் பைலட் புஷ். மிதித்தால் ஷாஃப்ட் நிற்கும், எஞ்சின் சுற்றும். அந்த வேக வித்தியாசம் முழுவதையும் தாங்குவது அந்தச் சிறு புஷ்தான், அதனால்தான் காலை எடுத்ததும் சத்தம் மறைகிறது.

ஷாஃப்டை வெளியே எடுத்ததும் ரோல் பின் ஓட்டைகளைப் பாருங்கள். வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தால் புது பின் போட்டுப் பயனில்லை, ஒரு வாரத்தில் ஆடும். 90 பாகை தள்ளிப் புது ஓட்டை போடலாம், முன்முனையும் தேய்ந்திருந்தால் ஷாஃப்டையே மாற்றுங்கள். ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்து மறுபடி துளைப்பது என் அனுபவத்தில் நின்றதில்லை.

ஷாஃப்டின் மேல் பெரிய ஸ்பிரிங் அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறது. பின்னைத் தட்டும் முன் அதைக் கிளாம்ப் போட்டு அழுத்திப் பிடியுங்கள். ஒருவர் பிடிக்காமல் தட்டி, அது கராஜ் கூரையில் பள்ளம் போட்டது. முகத்தில் போட்டிருக்கலாம்.

பழைய கிளட்ச் தட்டிலும் பிரேக் லைனிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

சேர்த்தபின் த்ரோ-அவுட் பேரிங்குக்கும் லீவருக்கும் இடையே 0.050 அங்குலம் விடுங்கள். இடைவெளியே இல்லாவிட்டால் பேரிங் எப்போதும் சுற்றிக்கொண்டே தேயும், கிளட்சும் பாதி மிதித்த நிலையிலேயே வழுக்கும்.

10. கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், பிரேக்

கியர்பாக்ஸில் ஹை-டிரான் (இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் டிரான்ஸ்மிஷன் ஆயில்), சுமார் 7 பைண்ட். பால் நிற ஆயில் இருந்திருந்தால் புதிது ஊற்றி ஒரு மணி நேரம் ஓட்டி, சூட்டோடு மறுபடி இறக்கி, இன்னொரு முறை நிரப்புங்கள்.

ஸ்டீயரிங் ஆட்டத்தைப் பெட்டியின் திருகை இறுக்கியே முழுதாகப் போக்கப் பார்க்காதீர்கள். ஆட்டத்தில் பாதி கம்பி முனைகளிலும் அச்சு பின்னிலும் இருக்கும். அவற்றை முதலில் மாற்றி, கடைசியில் பெட்டியைத் தொடுங்கள்.

பிரேக்கைச் சமதளத்தில் சோதித்தால் போதாது, சிறு சரிவில் சோதிக்க வேண்டும்.

11. துருவும் பெயிண்டும்

1960களின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த உப்புத்தாள் வேண்டாம், தண்ணீர் விட்டுத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள்.

சிறு இரும்புப் பாகங்களுக்கு மின்பகுப்பு நல்ல வழி. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், கேலனுக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா. பேட்டரி சார்ஜரின் மைனஸ் பாகத்துக்கு, பிளஸ் ஒரு சாதாரண இரும்புத் துண்டுக்கு. மாற்றி மாட்டினால் உங்கள் பாகம்தான் கரையும். பிளஸ் பக்கம் எவர்சில்வர் வைக்காதீர்கள், நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த வெளியில் செய்யுங்கள். அலுமினியப் பாகத்தை இதில் போடவே கூடாது.

வெறும் இரும்பு தெரிந்த அன்றே பிரைமர் அடியுங்கள். மறுநாள் காலை என்று விட்டால் ராத்திரி ஈரத்தில் மெல்லிய துரு படர்ந்திருக்கும். சட்டத்துக்கு முதலில், ஹூட்டுக்குக் கடைசியில்.

12. ஒயரிங், சார்ஜிங்

பெயிண்ட் அடித்து முடித்ததும் "நேற்று வரை ஓடியது, இன்று செத்துவிட்டது" என்று அழைப்பு வரும். காரணம் ஏறக்குறைய எப்போதும் எர்த். பேட்டரியின் மைனஸ், காயில், ரெகுலேட்டர் மூன்றும் உலோகத்தோடு உலோகம் தொட வேண்டும். போல்ட் உட்காரும் இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி, கொஞ்சம் கிரீஸ் தடவி இறுக்குங்கள்.

ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே உருளை, பெல்ட்டில் ஓடும். பெல்ட் தளர்ந்தால் ஸ்டார்ட் ஆகும்போதே வழுக்கும். ஜெனரேட்டரையோ ரெகுலேட்டரையோ கழற்றி மாட்டியிருந்தால், எஞ்சின் ஓடாதபோது ரெகுலேட்டரின் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு ஒயர்த் துண்டால் ஒரு நொடி தொட்டு எடுங்கள், சிறு பொறி வரும். உள்ளிருக்கும் காந்தத் தன்மை சரியான திசைக்கு வர இது வேண்டும். இதை மறந்துவிட்டுப் புது ரெகுலேட்டர் வாங்கியவர்கள் உண்டு. பிறகு வேகமாக ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் அருகே காட்ட வேண்டும்.

13. முதல் பத்து மணி நேரம்

கவர்னர் எஞ்சினை நிமிடத்துக்கு 3600 சுற்றுக்கு மேல் விடக் கூடாது. டேக்கோமீட்டர் வைத்துப் பாருங்கள், காதை நம்ப வேண்டாம். எஞ்சினைத் திறந்து கட்டியிருந்தால் ஒரே வேகத்தில் நிறுத்தி வைத்து ஓட்டாமல் வேகத்தையும் சுமையையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ரிங் சிலிண்டரில் உட்காரச் சுமை வேண்டும்.

ஐந்து மணி நேரத்தில் ஆயிலை மாற்றுங்கள். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்தபின் ஹெட் போல்ட்டுகளை மறுபடி டார்க் பாருங்கள், புது கேஸ்கட் அழுங்கியிருக்கும். ரோல் பின்கள் நகர்ந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

புல்வெட்டும் டெக்கை அதுவரை மாட்டாதீர்கள். அதன் இரைச்சலில் கிளட்ச் கீச்சும் ராடின் தட்டலும் காதில் விழாது.